கராச்சி தபால் பை முதல் நியூயார்க் விமானம் வரை... அட்லாண்டிக்கைத் தாண்டவைத்த ஜே.ஆர்.டி. டாடா யார்?

சிவகாசியில் இருந்து அமெரிக்கா போகணும்னா பக்கத்தில் இருக்கும் பெரிய விமான நிலையம் மதுரை. ஆனால் மதுரையில் ஏறி நேராக நியூயார்க்கில் இறங்க முடியாது. வேறு ஊருக்குப் போய் மாறியே ஆக வேண்டும். சென்னை வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு வேடிக்கையும் உண்டு. விருதுநகரில் பிறந்த காமராஜரின் பெயர் உள்நாட்டு முனையத்துக்கும், அண்ணாவின் பெயர் பன்னாட்டு முனையத்துக்கும் நீண்ட காலமாக இருந்து வந்தது. நம்மூர்க்காரர் பெயரில் இறங்கி, அண்ணா பெயரில் ஏற வேண்டும்.

சிறிய ஊர்களில் இருந்து கடல் கடந்து விமானம் விடலாமா, அதற்கு ஆள் ஏறுவார்களா என்ற கேள்வி புதிதல்ல. 1932-லேயே இதைவிடக் கடினமான கேள்வியைக் கையில் எடுத்தவர் ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா. சுருக்கமாக ஜே.ஆர்.டி. காமராஜரைவிட ஒரு வயது இளையவர்.

பாரிஸில் பிறந்த பையன்

1904 ஜூலை 29 அன்று பாரிஸில் பிறந்தார். அப்பா ஆர்.டி. டாடா, ஜாம்ஷெட்ஜி டாடாவின் உறவினர். அம்மா சூசன் பிரெஞ்சுக்காரர். வடக்கு பிரான்ஸில் கடற்கரையை ஒட்டிய ஹார்டலோ என்ற ஊரில் இந்தக் குடும்பம் விடுமுறையைக் கழிக்கும். அதே ஊரில் வீடு வைத்திருந்தவர் லூயி பிளேரியோ. 1909-ல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதலாகக் கடந்தவர் அவர்தான். பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் பையனுக்கு வேறு என்ன ஆசை வரும்? 15 வயதில் அங்கேயே முதல்முறையாக விமானத்தில் ஏறினார்.

1929 பிப்ரவரியில் விமானி உரிமம் கிடைத்தது. இந்தியாவில் வழங்கப்பட்ட உரிமங்களில் எண் 1 அவருடையது. அதன் பிறகு, இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு என்று ஆகா கான் அறிவித்தார். ஜே.ஆர்.டி. கராச்சியில் இருந்து கிளம்பினார். எதிர்த்திசையில் லண்டனில் இருந்து வந்தவர் ஆஸ்பி இன்ஜினியர் என்ற 17 வயது இளைஞர். எகிப்தின் அபுகீரில் ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஆஸ்பி மாட்டிக்கொண்டு நிற்க, தன்னிடம் இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பறந்தார் ஜே.ஆர்.டி. போட்டியில் ஜெயித்தது ஆஸ்பிதான். அந்த ஆஸ்பி பின்னாளில், 1960-ல், இந்திய விமானப்படைத் தளபதி ஆனார்.

ஆள் இல்லை, தபால் மட்டும்

டாடா விமான நிறுவனத்தின் யோசனை உண்மையில் ஜே.ஆர்.டி.யுடையது அல்ல. பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்த நெவில் வின்சென்ட் என்பவர் கொண்டுவந்தது. லண்டனில் இருந்து இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் கராச்சி வரை தபால் கொண்டுவரும். அங்கிருந்து பம்பாய்க்கும் மெட்ராஸுக்கும் ரயிலில் வர நாள் கணக்காகும். அந்த இடைவெளியை விமானத்தால் நிரப்பலாம் என்பதே கணக்கு. குடும்பப் பெரியவர் தோராப்ஜி டாடா தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். போட்ட முதல் சுமார் 2 லட்சம் ரூபாய். அரசு மானியம் கிடையாது. சுமந்த தபாலுக்கு எடை பார்த்துக் கூலி, அவ்வளவுதான்.

1932 அக்டோபர் 15. கராச்சியில் இருந்து ஒற்றை இன்ஜின் பஸ் மாத் விமானத்தை ஜே.ஆர்.டி.யே ஓட்டினார். அகமதாபாத்தில் இறங்கியபோது எரிபொருள் மாட்டு வண்டியில், டின்களில் வந்தது. மதியம் பம்பாய் ஜுஹு. அங்கிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸ் வரை வின்சென்ட் கொண்டுபோனார். ஜுஹுவில் ஓடுபாதை என்று ஒன்று இல்லை. மழைக்காலத்தில் அது சேறு, அப்போது பூனாவுக்கு மாற வேண்டும். அப்படியும் 1933 முழுக்க தபால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டு பயணம் செய்த ஆட்கள் 155 பேர். தபால் 10 டன்னுக்கு மேல்!

மெட்ராஸுக்குத் தெற்கே அப்போது ரயில்தான். கொல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தொழிலைத் தொடங்கி அப்போது பத்தாண்டுகூட ஆகியிருக்கவில்லை. 1938-ல்தான் டாடா விமானம் திருச்சியைத் தொட்டு கொழும்பு வரை நீண்டது. அதே ஆண்டில், 34 வயதில், ஜே.ஆர்.டி. டாடா குழுமத்தின் தலைவரானார்.

அட்லாண்டிக் எப்படி சாத்தியமானது?

1946-ல் டாடா ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா ஆனது. 1948 ஜூன் 8 அன்று மலபார் பிரின்சஸ் என்ற கான்ஸ்டலேஷன் விமானம் பம்பாயில் இருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் கிளம்பியது. பயணிகளில் ஜே.ஆர்.டி.யும் ஒருவர். இரண்டே ஆண்டில் அந்த விமானமே ஆல்ப்ஸில் மோன்ட் பிளாங்க் மலையில் மோதி, இருந்த 48 பேரும் இறந்தார்கள். நீண்டதூர விமானத் தொழிலின் விலை அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது.

1953-ல் நேரு அரசு விமான நிறுவனங்களை நாட்டுடைமை ஆக்கியது. தன்னிடம் முன்கூட்டி ஆலோசிக்கவில்லை என்ற வருத்தம் ஜே.ஆர்.டி.க்குக் கடைசி வரை போகவில்லை. ஆனாலும் வெளிநாட்டுச் சேவையின் தலைவராக இருக்கச் சொன்னபோது ஏற்றுக்கொண்டார். சம்பளம் வாங்கவில்லை. சொத்து கைவிட்டுப் போன பிறகும் அதே வேலையைப் பார்த்தவர்கள் இந்தியத் தொழில் வரலாற்றில் அதிகம் இல்லை.

1960-ல் போயிங் 707 ஜெட் வந்தது. ஆசிய விமான நிறுவனங்களில் ஜெட்டுக்கு முதலில் மாறிய நிறுவனங்களுள் ஒன்று ஏர் இந்தியா. அந்த மே 14-ல் லண்டன் வழியாக நியூயார்க் சேவை தொடங்கியது. விமானம் வாங்கினால் மட்டும் இது நடக்காது. இந்திய விமானம் லண்டனில் ஆள் ஏற்றி நியூயார்க்கில் இறக்க வேண்டுமானால் இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் சம்மதிக்க வேண்டும். அந்த உரிமை இல்லாவிட்டால் அட்லாண்டிக் மேல் பாதி இருக்கை காலியாகப் பறக்கும், நஷ்டம் நிச்சயம். பெரிய நிறுவனங்கள் ஏற்கெனவே நிறைந்திருந்த அந்தத் தடத்தில் ஏர் இந்தியாவுக்கு இருந்த ஆயுதம் கவனிப்புதான். ஒவ்வொரு பயணத்திலும் ஜே.ஆர்.டி. குறிப்பெடுப்பார். திரைச்சீலையின் நிறம், சாப்பாட்டுச் சூடு, டீக்கும் காபிக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரிகிறதா என்பது வரை. வேலை பார்த்தவர்களுக்கு இது தொல்லையாகவும் இருந்திருக்கும், அது வேறு விஷயம்.

மதுரைக்கு ஏன் இல்லை?

லண்டன் வழி என்ற அதே உத்தியைத்தான் பின்னாளில் சிறிய நகரங்களுக்கும் பயன்படுத்தினார்கள். அமிர்தசரஸில் இருந்து பர்மிங்காம் வழியாக டொரன்டோவுக்கு ஏர் இந்தியா சில ஆண்டுகள் பறந்தது. 2016 ஆகஸ்டில் அகமதாபாத் – லண்டன் – நெவார்க் சேவை வந்தது. கனடாவில் பஞ்சாபிகள், நியூஜெர்சியில் குஜராத்திகள் என்று இரண்டு முனையிலும் ஆள் இருந்ததே காரணம்.

மதுரையின் சிக்கல் ஆளில் மட்டும் இல்லை. ஓடுபாதை சுமார் 2,285 மீட்டர். சென்னையில் அது 3,600 மீட்டருக்கு மேல். கண்டம் தாண்டும் விமானம் எரிபொருளை நிரப்பிக்கொண்டு கனமாகக் கிளம்பும். எழும்ப நீண்ட பாதை வேண்டும்.

ஒரு செய்தியில் முடிந்த பதவி

1978 ஜனவரி 1 இரவு, எம்பெரர் அசோகா என்ற ஜம்போ விமானம் பம்பாய் கடலில் விழுந்து 213 பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் மொரார்ஜி தேசாய் அரசு ஜே.ஆர்.டி.யைத் தலைவர் பதவியில் இருந்து நீக்கியது. அரசு அவரிடம் நேரில்கூடச் சொல்லவில்லை. அடுத்து அந்தப் பொறுப்புக்கு வர இருந்தவர் மூலமாகத்தான் தெரிந்துகொண்டார். 46 ஆண்டு வேலை. 1980-ல் இந்திரா காந்தி அரசு அவரை இயக்குநர் குழுவுக்குத் திரும்ப அழைத்தது. தலைவர் நாற்காலி மட்டும் திரும்பவில்லை.

1982 அக்டோபர் 15 அன்று, தபால் விமானத்தின் பொன்விழாவுக்காக, கராச்சியில் இருந்து பம்பாய்க்கு ஒரு பழைய லெப்பர்ட் மாத் விமானத்தைத் தனியாக ஓட்டி வந்தார். வயது 78. 1992-ல் பாரத ரத்னா கிடைத்தது. 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் காலமானார். பாரிஸின் பெர் லஷேஸ் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். ஏர் இந்தியா டாடா குழுமத்திடம் திரும்பியது 2022 ஜனவரி 27-ல்.