ஆஃப்சைடே இல்லாத ஃபுட்பால்: ‘எங்கே நிற்பது’ என்பதையே ஆட்டமாக்கிய டாம் வில்ஸ் யார்?

மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம். செப்டம்பர் மாதக் கடைசி சனிக்கிழமை. சுமார் 1 லட்சம் பேர் திரண்டிருக்கும் இறுதிப் போட்டி. ஆனால் நடப்பது கிரிக்கெட் அல்ல. ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால். அந்த ஊர்க்காரர்கள் செல்லமாக வைத்த பெயர் ஃபூட்டி.

இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடு இரண்டு கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்தால் 6 பாயிண்ட். கொஞ்சம் விலகி, நடுக் கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் இடையே போனால் வெறும் 1 பாயிண்ட். அப்படி 1 பாயிண்ட் போனதும் பந்து தடுப்பு அணியின் கைக்கு வரும். அந்த அணியில் ஒருவர் பந்தோடு கோலுக்கு முன்னால் நின்று மைதானத்தை ஒரு நோட்டம் விடுவார். யாருக்கு உதைப்பது? எந்தப் பக்கம் இடைவெளி இருக்கு?

இதற்குப் பெயர்தான் கிக்-இன். இந்த ஒரு உதைக்காக இன்றைய பயிற்சியாளர்கள் மணிக்கணக்கில் திட்டம் போடுகிறார்கள். ஆனால் இதன் வேர் 1859-ல் மெல்பர்னில் நடந்த ஒரு சின்னக் கூட்டத்தில் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருவர் டாம் வில்ஸ்.

யார் இந்த டாம் வில்ஸ்?

1835 ஆகஸ்ட் 19-ல் நியூ சவுத் வேல்ஸ் காலனியில் பிறந்தவர். அவருடைய தாத்தா இங்கிலாந்திலிருந்து கைதியாகக் கப்பலில் அனுப்பப்பட்டவர். அப்பா ஹொரேஷியோ வில்ஸ், ஆட்டுப் பண்ணை வைத்துப் பெரிய ஆளானவர். விக்டோரியாவின் மேற்குப் பகுதியில், இன்றைய மொய்ஸ்டன் அருகே இருந்த பண்ணையில்தான் டாம் வளர்ந்தார். சுற்றிலும் ஜாப் வுரங் பழங்குடி மக்கள். அவர்களுடைய பிள்ளைகளோடு விளையாடி, அவர்கள் மொழியையும் பேசக் கற்றுக்கொண்டார்.

14 வயதில் மகனை இங்கிலாந்தின் ரக்பி பள்ளிக்கு அனுப்பினார் அப்பா. படிப்பில் டாம் சுமார்தான். கிரிக்கெட்டில் பள்ளி அணியின் கேப்டன். அந்தப் பள்ளியின் முரட்டு ஃபுட்பாலும் அவருக்கு அத்துப்படி. 1856 கடைசியில் மெல்பர்ன் திரும்பியபோது, காலனியின் முக்கியமான கிரிக்கெட் வீரராகி, விக்டோரியா அணியின் கேப்டனும் ஆனார்.

ஒரு கடிதத்தில் தொடங்கிய ஆட்டம்

கிரிக்கெட் கோடைக்கால ஆட்டம். குளிர்காலத்தில் வீரர்கள் சும்மா இருந்தால் உடம்பு ஊறிப்போகும். 1858 ஜூலை 10-ல் மெல்பர்ன் விளையாட்டுப் பத்திரிகை ஒன்றில் வில்ஸின் கடிதம் வெளியானது. குளிர்காலத்தில் உடம்பைக் கட்டுக்குள் வைக்க ஒரு ஃபுட்பால் கிளப் வேண்டும், அதற்கு விதிகள் வகுக்க ஒரு குழு வேண்டும் என்பதே அதன் சாரம்.

அடுத்த மாதமே, ஆகஸ்ட் 7-ல், ஸ்காட்ச் காலேஜும் மெல்பர்ன் கிராமர் பள்ளியும் மோதின. அணிக்கு 40 பேர்! நடுவர்களில் ஒருவர் வில்ஸ். வெவ்வேறு நாட்களில் மூன்று முறை ஆடியும் ஆளுக்கு ஒரு கோல்தான். முடிவில் டிரா.

10 விதிகளும் எழுதாமல் விட்ட ஒன்றும்

1859 மே மாதம் மெல்பர்ன் ஃபுட்பால் கிளப் உருவானது. மே 17-ல் கிழக்கு மெல்பர்னின் பரேட் ஹோட்டலில் வில்ஸ், ஹேமர்ஸ்லி, தாம்சன், ஸ்மித் உள்ளிட்டோர் கூடி 10 விதிகளை எழுதினார்கள். வில்ஸுக்கு ரக்பி பள்ளி பாணி ஆட்டம்தான் பிடித்தம். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைப்பது ரக்பியில் சகஜம். மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய ஆட்களுக்கு இதெல்லாம் சரிப்படாது என்று அதைத் தடை செய்தார்கள்.

அந்தப் பத்தில் ஐந்தாவது விதிதான் கிக்-இன்னின் தாத்தா. பந்து கோலுக்குப் பின்னால் போய்விட்டால், தடுப்பு அணியில் யாராவது ஒருவர் அதை 20 கெஜம் முன்னால் கொண்டுவந்து, எதிர் கோலை நோக்கி முடிந்தவரை நேராக உதைக்க வேண்டும். உதையைக் கையில் நேராகப் பிடித்தால் ‘மார்க்’. பிடித்தவருக்கு யாரும் குறுக்கிடாத ஒரு உதை கிடைக்கும்.

ஆனால் உண்மையான திருப்பம், எழுதாமல் விட்ட விதியில் இருக்கிறது. ஆஃப்சைடு! ரக்பியில் பந்துக்கு முன்னால் நிற்பவர் ஆட்டத்தில் தலையிட முடியாது. நாம் பார்க்கும் கால்பந்திலும் ஸ்ட்ரைக்கர் இஷ்டத்துக்கு முன்னால் போய் நிற்க முடியாது. மெல்பர்ன் விதிகளில் அந்தக் கட்டுப்பாடே இல்லை. அதாவது, யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். அப்படியானால் எங்கே நிற்பது புத்திசாலித்தனம்? அந்தக் கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

கிரிக்கெட் கேப்டனின் கண்

ஆரம்பத்தில் பெரும்பாலோருக்கு இது புரியவில்லை. பந்து எங்கேயோ அங்கே மொத்தக் கூட்டமும் போய் மோதும். தள்ளுமுள்ளுதான் ஆட்டம். வில்ஸோ ஃபீல்டர்களை நிறுத்திப் பழகிய கிரிக்கெட் கேப்டன். 1860-ல் ரிச்மண்ட் அணிக்குத் தலைமை தாங்கியபோது, தன் ஆட்களைத் தடுப்புப் பகுதியிலிருந்து எதிர் கோல் வரை பரப்பி நிறுத்தி, கூட்டத்தில் சிக்காமல் உதைகளாலேயே பந்தைக் கடத்த வைத்தார். பிறகு ஜீலாங் அணியின் கேப்டனாக பாலாரட் அணியோடு ஆடும்போது, எதிர்க்காற்று பலமாக அடித்ததால் மொத்த அணியையும் பின்னால் இறக்கி கோலை அடைத்துவிட்டார். இன்று ஆஸ்திரேலியாவில் ‘ஃப்ளட்’ என்று சொல்லப்படும் தடுப்பு உத்தியின் முதல் உதாரணமாக இதைக் காட்டுகிறார்கள்.

இன்றைய கிக்-இன் எப்படி?

இப்போது அணிக்கு 18 பேர். மூன்று மூன்றாக ஐந்து வரிசை, கூடவே பந்தைத் துரத்தும் மூவர். கிக்-இன்னின்போது எதிரணி ஆளுக்கு ஆள் மறிப்பதில்லை. கட்டம் போட்டது போல இடத்தைப் பிரித்து நிற்கும். உதைப்பவருக்கு முன்னால் சில வழிகள்:

பக்கவாட்டு மூலையில் தனியாக நிற்பவருக்குச் சின்ன உதை. பந்து நம்மிடமே இருக்கும். ஆனால் முன்னேற்றம் குறைவு.

எல்லைக்கோட்டை ஒட்டி உயரமான வீரருக்கு நீண்ட உதை. தவறினாலும் பந்து வெளியே போகத்தான் வாய்ப்பு அதிகம்.

கட்டத்தை விட்டு ஓடிவந்து, பத்துப் பதினைந்து மீட்டர் கூடுதலாக எடுத்துக்கொண்டு உதைப்பது. 2019-க்கு முன்பு இதற்குப் பந்தைத் தனக்குத்தானே ஒருமுறை உதைத்துப் பிடிக்க வேண்டும். இப்போது நேராக ஓடலாம்.

செய்யவே கூடாதது, கோலுக்கு நேர் எதிரே நடுவில் உதைத்துப் பந்தைப் பறிகொடுப்பது. அடுத்த உதையே 6 பாயிண்ட் ஆகிவிடும்! 1980-களில், வீரர்கள் ஒரே இடத்தில் கூட்டமாக நின்று, சட்டென்று திசைக்கொருவராகச் சிதறி ஓடும் ‘ஹடில்’ உத்தி பிரபலமானது. எந்த உத்தியானாலும் அடிப்படை ஒன்றுதான்: ஆஃப்சைடு இல்லை, எனவே இடைவெளியே செல்வம்.

1861: எல்லாம் மாறிய நாள்

வில்ஸின் வாழ்க்கை ஆட்டத்தைப் போல ஒழுங்காகப் போகவில்லை. 1861-ல் அப்பாவோடு குயின்ஸ்லாந்தில் புதுப் பண்ணை அமைக்கப் போனார். அக்டோபர் 17-ல் குல்லின்-லா-ரிங்கோ என்ற அந்த முகாமைப் பழங்குடியினர் தாக்கினர். அப்பா உட்பட 19 பேர் கொல்லப்பட்டனர். பொருட்கள் வாங்க வெளியே போயிருந்ததால் டாம் தப்பினார். இதற்குப் பழிவாங்க வெள்ளையர்களும் காலனியின் போலீஸும் கொன்ற பழங்குடியினர் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அந்தப் பழிவாங்கலில் வில்ஸுக்குப் பங்கு உண்டா என்பது இன்றும் சர்ச்சை.

ஆனால் ஐந்தே ஆண்டுகளில், 1866-ல், விக்டோரியாவின் பழங்குடி கிரிக்கெட் அணிக்குக் கேப்டனும் பயிற்சியாளரும் ஆனவர் இதே வில்ஸ். டிசம்பர் 26-ல் மெல்பர்ன் மைதானத்தில் அந்த அணி ஆடியதைப் பார்க்கப் பெருங்கூட்டம் கூடியது. 1868-ல் அந்த அணியின் அடுத்த வடிவம் இங்கிலாந்து சென்றது. அதில் வில்ஸ் இல்லை.

பழங்குடியினரின் ‘மார்ன்க்ரூக்’ பந்தாட்டத்திலிருந்து ஃபூட்டி வந்ததா என்ற கேள்வியும் உண்டு. சிறுவயதில் வில்ஸ் அதைப் பார்த்திருக்கலாம் என்கிறார்கள் ஒரு சாரார். அதற்கு எழுத்துப்பூர்வ ஆதாரம் இல்லை என்கிறார்கள் மறு சாரார்.

கடைசி நாட்கள்

குயின்ஸ்லாந்து சம்பவத்துக்குப் பிறகு குடிப்பழக்கம் அதிகமானது. 1872-ல் பந்தை எறிகிறார் என்று கிரிக்கெட்டில் நோ-பால் கொடுத்தார்கள். கடனும் சேர்ந்தது. 1880 மே மாதம், குடியைத் திடீரென நிறுத்தியதால் மனக்குழப்பம் ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், அங்கிருந்து வெளியேறிவிட்டார். மறுநாள், மே 2-ல், ஹைடல்பெர்க் வீட்டில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 44.

அவரைப் புதைத்த இடத்தில் சுமார் 100 ஆண்டுகள் பெயர்கூட இல்லை. 1980-ல்தான் கல்லறைக் கல் வைத்தார்கள். இன்று மெல்பர்ன் மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை இருக்கிறது. 1858-ல் நடுவராக நின்ற கோலத்தில். உள்ளே ஒவ்வொரு கிக்-இன்னுக்கும் 36 பேர் எங்கே நிற்பது என்று இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.