ஹோட்டல்காரர் கட்டிய ஆகாய விமானம்

சென்னை மவுண்ட் ரோடில் பெரிய ஹோட்டல் நடத்தியவர் டி ஏஞ்சலிஸ் துரை. கேக்கும் மிட்டாயும் விற்றவருக்கு ஆகாயத்தில் பறக்கும் ஆசை பிடித்துக்கொண்டது!

1909-ல் பிரான்ஸ் நாட்டு பிளேரியோ, இங்கிலீஷ் கால்வாயை விமானத்தில் தாண்டினார். உலகமே அதைப் பற்றிப் பேசிற்று. டி ஏஞ்சலிஸ் விமானம் வாங்கவில்லை. தாமே திட்டம் போட்டார். குதிரை வண்டி கட்டிப் பேர் வாங்கிய சிம்ப்ஸன் கம்பெனியார் அதன்படி செய்து கொடுத்தார்கள். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை. இஞ்சினோ சிறியது. ஆளைத் தூக்குமா? தூக்கிவிட்டுக் கீழே போட்டால்?

தாம்பரத்துக்கு வடக்கே, பல்லாவரத்தில் சோதித்தார். எழும்பிற்று! பிறகு, 1910 மார்ச்சில், தீவுத்திடலில் பறந்தார். ஜனங்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள்.

அலகாபாத்தில் விமானத் தபால் பறந்தது 1911 பிப்ரவரியில்தான். பல்லாவரம் முந்திக்கொண்டது.