பல்வங்கர் பாலுவும் நடுவுநிலைமையும்

வேலூரிலிருந்து மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி நோக்கிச் செல்வோர் பாலாற்றங்கரை நெடுகிலும் தோல் பதனிடும் ஷாப்புகளைக் காண்பர். கிழக்கே ராணிப்பேட்டையும் மேல்விஷாரமும், மேற்கே பேர்ணாம்பட்டும் இத்தொழிலாலேயே பெயர் பெற்ற ஊர்கள். முற்காலத்தில் ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஊறியும், பிற்காலத்தில் குரோமிய உப்பினாற் பக்குவமாகியும் இங்கிருந்து சென்ற தோல் கடல் கடந்து விலைபோயிற்று. தோலை விரும்பி வாங்கிய உலகம், அதைப் பதப்படுத்திய கைகளை எவ்வாறு மதித்தது என்னும் வினா இந்நாட்டில் வாழும் நமக்குப் புதிதன்று.

கிரிக்கெட் ஆட்டத்திற் பயிலும் பந்தும் தோல் போர்த்ததேயாம். அப்பந்தை வீசுவதில் தம் காலத்து இந்தியாவில் தமக்கு நிகரில்லாதவராய் விளங்கிய ஒருவர், தோல் தொழில் செய்யும் வகுப்பிற் பிறந்தவர். அவர் தம் ஆட்ட நாள் முழுவதும் இருவகை நடுவர்களின் தீர்ப்புக்கு உட்பட்டிருந்தார். ஒருவகையார் வெள்ளங்கி அணிந்து, வெயிலில், ஆயிரம் பேர் காண நின்று தீர்ப்பளித்தவர். மற்றவர் அறைக்குள் அமர்ந்து, ஆடுவோர் யார், அவர்க்குத் தலைவர் யார் என்று தீர்ப்பளித்தவர். இவ்விரு தீர்ப்புகளும் எவ்வாறு வேறுபட்டன என்பதை அவரது வாழ்க்கையைப் போல் விளக்குவது பிறிதொன்றில்லை. ஆதலின் பல்வங்கர் பாலு என்னும் அப்பெரியாரின் சரிதத்தைச் சுருங்கக் கூறப் புகுந்தோம்.

பாலு 1876ஆம் ஆண்டில் தார்வாரிற் பிறந்தார். சமார் எனப்படும் தோல் தொழில் வகுப்பு அவருடையது. முன்னோர் கொங்கணத்திலுள்ள பல்வண் என்னும் சிற்றூரினர். அவ்வூர்ப் பெயரே குடும்பப் பெயராயிற்று. தந்தையார் இராணுவத்தைச் சார்ந்து ஊழியம் செய்தவராதலின் குடும்பம் பூனாவில் வசித்தது. அங்கே வெள்ளை அதிகாரிகள் கழித்துவிட்ட மட்டைகளையும் பந்துகளையும் கொண்டு பாலுவும் அவர் தம்பி சிவராமும் ஆட்டம் பயின்றனர். விட்டல், கணபதி என்னும் இளைய தம்பியர் இருவரும் பின்னர் அண்ணன்மார் வழியே புகழெய்தினர்.

வறுமை காரணமாகப் பாலு இளமையிலேயே வேலை தேடிச் சென்றார். பார்ஸிகளின் கிரிக்கெட் சங்கம் ஒன்றில் மாதம் 3 ரூபாய்ச் சம்பளத்திற்கு ஆடுகளத்தைப் பெருக்கி உருளையிழுத்தார். 1892இல் வெள்ளையருக்கே உரிய பூனா ஜிம்கானாவில் 4 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். வலை கட்டுவதும், ஆடுகளத்திற் கோடிடுவதும், டென்னிஸ் களத்தைச் செப்பனிடுவதும் அவர் கடமை. அவ்வேலைகளினிடையே துரைமார் மட்டை பயில்வதற்காகப் பந்து வீசவும் பணிக்கப்பட்டார். அக்காலத்துச் சிறந்த ஆட்டக்காரரான கிரெய்க் துரை, தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுத்ததாகச் சொல்வதுண்டு. நாள்தோறும் மணிக்கணக்கில் பந்து வீசியும், மட்டையைப் பிடித்து ஆடும் வாய்ப்பை அத்துரைமார் ஒருநாளும் அவருக்கு அளித்திலர். ஆயினும் அவ்வுழைப்பினாலேயே இடக்கையாற் பந்தைப் பலவாறு திருப்பும் வித்தை அவர்க்குக் கைவந்தது.

பூனாவிலிருந்த இந்துக்களின் சங்கத்தார், வெள்ளையரை வெல்ல விரும்பினர். பாலுவைச் சேர்த்தால் வெற்றி கிட்டும்; சேர்த்தால் ஆசாரம் கெடும். இவ்விரண்டிற்கும் நடுவே வெகுவாக வாதித்து, முடிவிற் சேர்த்துக்கொண்டனர். ஆனால் எவ்வாறு சேர்த்தனர்? ஆடுகளத்தில் அவர் தொட்ட பந்தையே யாவரும் தொட்டனர். தேநீர் வேளையிலோ, மற்றவர் மண்டபத்தினுள் பீங்கான் கோப்பையிற் பருக, அவர் வெளியே நின்று மண்குவளையிற் பருக வேண்டியதாயிற்று. உணவும் தனித் தட்டில், தனி மேசையில். மாட்டுத் தோலாற் செய்த பந்தைத் தொட்டவர்கள், தோல் தொழிலாளி மகனைத் தொட அஞ்சிய விந்தையை என்னென்பது! மகாதேவ கோவிந்த ரானடே போன்ற சான்றோர் இதனைக் கண்டித்து, உடன் ஆடுகிறவனுடன் உண்ண மறுப்பது தகாதென்று எடுத்துரைத்தனர். சிறிது சிறிதாக வழக்கம் தளர்ந்தது.

பின்னர்ப் பாலு பம்பாய்க்குச் சென்று, பம்பாய் பரோடா மத்திய இந்திய ரெயில்வேயில் வேலையில் அமர்ந்து, இந்து ஜிம்கானா கோஷ்டிக்காக ஆடினார். 1906ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்றபோது, அவ்வெற்றிக்குப் பாலுவின் பந்து வீச்சே பெருங்காரணமாக நின்றது. ஆள்வோரை ஆளப்படுவோர் அவர்தம் ஆட்டத்திலேயே வென்றதென்று நாடு முழுவதும் மகிழ்ந்தது. 1911இல் பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இந்தியக் கோஷ்டி இங்கிலாந்து சென்றது. கோஷ்டி பல ஆட்டங்களிற் தோற்றது; பாலுவோ 114 விக்கெட்டுகளை வீழ்த்தி மீண்டார். அப்போது அவருக்கு வயது 35.

பம்பாயில் ஆண்டுதோறும் நடந்த பந்தயம் ஐரோப்பியர், பார்ஸிகள், இந்துக்கள் என மூன்று கட்சியாய் 1907இல் தொடங்கியது. 1912இல் முஸ்லிம்களும் சேர்ந்து நாற்கட்சியாயிற்று. மதத்தையும் இனத்தையும் கொண்டு கட்சி பிரிந்த அப்பந்தயத்தில், தீர்ப்பளிக்கும் நடுவர் எக்கட்சியினர் என்பது சிறிய வினாவன்று. 1916 வரையில் ஐரோப்பியரே நடுவராய் நின்றனர். அவர்தம் கட்சி ஆடும்போதும் அவ்வாறே. தன் வழக்கிற்குத் தானே நீதிபதியாதல் பொருந்தாதன்றோ? 1917 முதல் இம்முறை மாறிற்று. எந்த இரு கட்சியார் ஆடுகின்றனரோ, அவரல்லாத பிற கட்சிகளிலிருந்து நடுவரைத் தெரிந்தெடுப்பதென ஏற்பட்டது. இந்துக்களும் பார்ஸிகளும் ஆடினால், ஒரு ஐரோப்பியரும் ஒரு முஸ்லிமும் நடுவராவர். தேசங்களுக்கிடையே நடக்கும் ஆட்டங்களில் இந்நெறி நிலைபெற வெகுகாலம் சென்றது. 1986இல் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவினரும் ஆடியபோது, இந்தியராகிய வி. கே. ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் நடுவராய் அழைக்கப்பட்டனர். 1994 முதல் ஒரு நடுவரும், 2002 முதல் இரு நடுவரும் பிற தேசத்தவராய் இருக்க வேண்டுமென்று சர்வதேசக் கவுன்சில் விதித்தது. பாலுவின் நாளைய பம்பாய் மைதானம் உலகிற்கு எழுபதாண்டு முந்தி நடந்ததென்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

ஆனால் மைதானத்தில் நுழைந்த அந்நீதி, கமிட்டி அறையில் நுழையவில்லை. ஆட்டத் திறனாலும் அனுபவத்தாலும் இந்துக் கோஷ்டியின் தலைமை பாலுவுக்கே உரியதென்று 1910ஐ அடுத்த ஆண்டுகளிலேயே பலரும் கூறிவந்தனர். ஆண்டுதோறும் அவ்விடம் உயர்ந்த ஜாதியார் ஒருவருக்கே சென்றது. 1913இல் தலைமையேற்ற எம். டி. பாய் என்பவர் பிராமணர். அவரே தமக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில், மூத்தவரும் அனுபவசாலியுமான பாலுவுக்கே இச்சிறப்பு உரியதென்று வெளிப்படையாகக் கூறினார். பயனடைந்தவரே அநீதியை ஒப்புக்கொண்ட பின்னும் கமிட்டியார் அசைந்திலர்.

1920இல் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டுப் பந்தயத் தொடக்கத்தில் பாலு கோஷ்டியிலேயே சேர்க்கப்படவில்லை. தலைவரான பாய் நோயுற்றிருந்தார். அவருக்குப் பதிலாக, மூத்தவராகிய விட்டலை விடுத்து, பூனாவைச் சேர்ந்த தியோதர் தலைவராக்கப்பட்டார். தியோதர் சிறந்த ஆட்டக்காரரே. குறை அவரிடத்தன்று, தெரிந்தெடுத்த முறையிலேயே இருந்தது. விட்டலும் சிவராமும் ஆட மறுத்து விலகினர். விலகியதோடு நில்லாது, தாம் விலகிய காரணத்தை எழுதிப் பகிரங்கமாக வெளியிட்டனர். ஜாதியின் பொருட்டே தாங்கள் ஒதுக்கப்பட்டதாக அதில் முறையிட்டிருந்தனர். காந்தியடிகள் தீண்டாமையை ஒழிக்க வேண்டுமென்று நாடெங்கும் கூறிவந்த காலம் அது. பொதுமக்களில் பலர் சகோதரர் பக்கம் நின்றனர். அறைக்குள் முடிந்த தீர்ப்பு முதன்முறையாகத் தெருவில் வினவப்பட்டது.

கமிட்டியார் இறங்கிவர நேர்ந்தது. பார்ஸிகளுடன் நடந்த இறுதி ஆட்டத்திற்குப் பாய் குணமடைந்து வந்தார். சகோதரர் இருவரும் மீண்டும் ஆடினர். பாலுவும் சேர்க்கப்பட்டு உபதலைவராக்கப்பட்டார். ஆட்டத்தினிடையே பாய் களத்தை விட்டு நீங்க, பாலு தம் 44ஆம் வயதில் இந்துக் கோஷ்டியைச் சிறிது நேரம் தலைமை தாங்கி நடத்தினார். அவருக்குக் கிடைத்தது அவ்வளவே. ஆயினும் அவர் தட்டிய கதவு தம்பிக்குத் திறந்தது. 1923இல் விட்டல் தலைவராக்கப்பட்டார். அவ்வாண்டே இந்துக்கள் கோப்பையை வென்றனர். ரசிகர்கள் விட்டலைத் தோள்மேற் சுமந்து கொண்டாடினர். 1925இலும் 1926இலும் அவர் தலைமையில் வெற்றி தொடர்ந்தது. விட்டலின் தகுதியை ஆடுகளமே மெய்ப்பித்தது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். நடுவர் பொதுமக்களுக்குப் பதில் சொல்லக் கடவர் எனின், கூச்சலிடுவோர் விருப்பப்படியெல்லாம் தீர்ப்பு மாற வேண்டுமோ என்பது அது. அங்ஙனமன்று. களத்தில் நடுவர் சொல்லே முடிவு. அதுவின்றி ஆட்டமே இல்லை. நாம் வேண்டுவது வேறு. தீர்ப்பளிப்பவர் ஒருபக்கம் சாராதவராய் நியமிக்கப்பட வேண்டும். தீர்ப்பு யாவரும் காண அளிக்கப்பட வேண்டும். ஆட்டம் முடிந்தபின் அது ஆராயப்பட இடமிருக்க வேண்டும். நமது தோல் ஷாப்புகளில் தரம் பிரிப்போர் தோலை விரித்து நல்ல வெளிச்சத்திற் பார்த்தே தரம் குறிக்கின்றனர். வாங்குவோரும் அதைப் புரட்டிப் பார்க்கலாம். இருட்டறையிற் குறித்த தரத்தை எந்த வியாபாரி நம்புவான்?

வெளிச்சத்தில் அளித்த தீர்ப்பும் பிழைபடுதல் உண்டு. 1949இல் அதே பம்பாயில் மேற்கிந்தியத் தீவினரை வெல்ல இந்தியாவுக்கு 361 ஓட்டங்கள் தேவைப்பட்டன. 8 விக்கெட்டுகள் வீழ்ந்து 355 எடுத்திருந்த வேளையில், இன்னும் ஒரு பந்து வீச நேரமிருக்க, நடுவர் ஆட்டம் முடிந்ததென்று கட்டைகளைக் களைந்துவிட்டார். அப்பிழையை யாவரும் கண்டனர், இன்றுவரை பேசுகின்றனர். காணப்பட்ட பிழையே திருத்தத்திற்கு வித்தாகும். 1992இல் டர்பன் நகரில் படச்சுருளை நோக்கித் தீர்ப்புரைக்கும் மூன்றாம் நடுவரால் டெண்டுல்கர் ஆட்டமிழந்தவரானார். 2008இல் இலங்கையில் இந்தியா ஆடிய தொடரில், நடுவர் தீர்ப்பை மறு ஆய்வு செய்யுமாறு ஆட்டக்காரரே கேட்கும் உரிமை சோதித்துப் பார்க்கப்பட்டது. இவற்றால் நடுவரின் கௌரவம் குறையவில்லை. தம் தீர்ப்பைத் தாமே மாற்றிச் சைகை செய்யும் நடுவரைக் கண்டு நாம் இகழ்வதில்லை, மதிக்கவே செய்கிறோம். பாலுவை ஒதுக்கிய தீர்ப்புக்கோ படச்சுருளும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. அதனாலேயே அப்பிழை திருந்தப் பத்தாண்டுக்கு மேலாயிற்று.

ஆட்டத்தை விட்டபின் பாலு பொதுவாழ்வில் ஈடுபட்டார். இளமையில் அம்பேத்கரால் போற்றப்பட்டவராயினும், 1932இல் தனித்தொகுதி விவாதம் எழுந்தபோது சென்னை எம். சி. ராஜாவோடு சேர்ந்து கூட்டுத் தொகுதியை ஆதரித்தார். 1937இல் பம்பாய்ச் சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் சார்பாக அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். 1955ஆம் ஆண்டு ஜூலை மாதம் பம்பாயிற் காலமானார். முதல்தர ஆட்டங்கள் 33இல் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 179. அவை ஒவ்வொன்றும் பகிரங்கமாக, ஒரு நடுவரின் உயர்த்திய விரலாலோ, சிதறிய கட்டையாலோ, பிடித்த பந்தாலோ நிறுவப்பட்டவை. அவற்றை எந்தக் கமிட்டியாலும் மறுக்க இயலவில்லை.

நம் மாணவரிற் பலர் நாளை ஏதேனும் ஓர் ஆட்டத்தில் ஊதுகுழலைக் கையில் எடுப்பர். சிலர் கோஷ்டியைத் தெரிந்தெடுக்கும் மேசையில் அமர்வர். இத்தோல் நாட்டின் ஊர்களிலே, பதனிடும் தொழிலாளி மகனும் முதலாளி மகனும் ஒரே மைதானத்தில் நிற்கும் காலம் இது. அங்கே யாரைச் சேர்த்தோம், யாரை விடுத்தோம், ஏன் என்பதை விடுபட்டவனை நேர்நோக்கிச் சொல்ல இயலுமாயின் அத்தீர்ப்பு நடுவுநிலை உடையது. சொல்ல நா எழாதாயின், அதனை அப்போதே மாற்றிக்கொள்வது நலம்.