யார் இந்த மருதநாயகம்? நெல் மூட்டைகளைக் காத்து தளபதியான கான் சாகிப்!

கமல் தொடங்கிய படத்தின் பெயராகவே பலருக்கும் தெரிந்தவர் மருதநாயகம் என்கிற யூசுப் கான். 1752-ல் ராபர்ட் கிளைவ் படையில் சேர்ந்தபோது, ஒரு சிப்பாய் கம்பெனிக்கு மட்டுமே தலைவர்.

எப்படி உயர்ந்தார்?

திருச்சி கோட்டையை பிரெஞ்சு, மைசூர் படைகள் முற்றுகையிட்டிருந்த நேரம். உள்ளே இருப்பவர்களுக்கு சோறு வேணும்னா, புதுக்கோட்டை தொண்டைமான் சீமையிலிருந்துதான் நெல் வரணும். எதிரியிடம் சிக்காமல் அந்த மூட்டைகளைக் கொண்டு சேர்த்தவர்களில் முக்கியமானவர் யூசுப் கான். ஒற்றர்களை வைத்து எதிரியின் நடமாட்டத்தை அறிந்து வழியைத் தேர்வு செய்வார். சிப்பாய்களும் நம்பினார்கள், தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸும் நம்பினார்.

சதி வலை

பதவி வளர, பொறாமையும் வளர்ந்தது. மைசூருடன் ரகசிய தொடர்பு இருப்பதுபோல் ஒரு போலிக் கடிதம் சிக்கியது. விசாரணையில் மாட்டியதோ, லாரன்ஸின் மொழிபெயர்ப்பாளர் பொன்னியப்பன்! பீரங்கி வாயில் வைத்து அவர் கொல்லப்பட்டார். 1754-லேயே கம்பெனி சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியானார் யூசுப் கான். தங்கப் பதக்கமும் கிடைத்தது.

முடிவு என்ன?

பின்னர் மதுரையை நிர்வகித்தவர், ஆற்காடு நவாப்புக்கு அடங்க மறுத்து 1763-ல் கம்பெனியையே எதிர்த்தார். கூட இருந்தவர்களே காட்டிக்கொடுக்க, 1764 அக்டோபர் 15-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். பதக்கம் கொடுத்த அதே கம்பெனிதான் அவரை முற்றுகையிட்டுப் பிடித்தது.