உடல் ஒன்று, உயிர் பல: அலெக் இசிகோனிஸ் வரலாறு

மலைநாட்டுப் பாதைகளிற் செல்வோர் பலர்க்கும் பழக்கமான சிறு மோட்டார் வண்டி ஒன்று உண்டு. வளைந்த முதுகும், உருண்ட முகப்பும், அம்முகப்பின் இரு புறத்தும் விழித்த கண்களை ஒத்த விளக்குகளும் உடையது அது. மொரிஸ் மைனர் என்பது அதன் பெயர். கினிகத்தேனை ஏற்றத்திலும், தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட வளைவுகளிலும் ஒரு காலத்தில் அது மிகுதியாக ஓடிற்று. இன்று அருகிவிட்டது, ஆயினும் அற்றுவிடவில்லை. தோட்டத்துத் துரை, மருத்துவர், தபாலதிபர், பாடசாலை அதிபர் என இன்னார் வண்டி வருகின்றது என்பதை அதன் ஓசை கொண்டே ஊரார் அறிந்த காலம் ஒன்றிருந்தது.

வண்டியை அறிந்த நாம் அதனைச் சமைத்தவரை அறிந்தோமில்லை. அவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பெரியார். தமிழ் கற்பிக்கும் ஒருவன் பொறிவல்லுநர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவது ஏன் என வினவுவார் உளராயின், அவ்வரலாற்றில் மாணாக்கர் கற்கத்தக்கனவும் மலைநாட்டார் எண்ணத்தக்கனவும் ஒருங்கே உள என்பதே யான் கூறும் விடையாம்.

பிறப்பும் பெயர்வும்

1906ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், இக்காலத்தில் இஸ்மிர் என வழங்கும் சிமேர்னா என்னும் துறைமுக நகரில் இசிகோனிஸ் பிறந்தார். அந்நகர் அந்நாளில் உதுமானியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் கொன்ஸ்டன்டைன் கிரேக்கர். தாயார் ஹுல்டா சேர்மானிய வழிவந்தவர். குடும்பத்தார் கடற்கலங்களுக்கான பொறிகள் செய்யும் தொழிற்சாலையை நடத்தி வந்தனர். எனவே உருக்கும் கடைசலும் வரைபடமுமே அச்சிறுவனுக்கு விளையாட்டுப் பொருள்களாயின.

முதல் உலகப் போர் முடிந்தபின் 1919இல் கிரேக்கப் படை அந்நகரைக் கைக்கொண்டது. 1922 செப்டெம்பரில் துருக்கியப் படை அதனை மீட்டது. அதனை அடுத்துப் பெருந்தீ மூண்டு நகரின் பெரும்பகுதியை உண்டது. எண்ணிறந்த மக்கள் முன்னே கடலும் பின்னே தீயுமாகத் துறைமுகக் கரையில் நின்று தவித்தனர். இசிகோனிஸ் குடும்பத்தார்க்கோ பிரித்தானியக் குடியுரிமை முன்னரே வாய்த்திருந்தது. அதனால் அவர்கள் பிரித்தானியரின் கப்பலில் ஏற்றப்பட்டு மோல்ற்றாத் தீவை அடைந்தனர். தொழிற்சாலையும் செல்வமும் போயின, உயிர் எஞ்சிற்று. ஒரே ஊரிற் பிறந்து ஒரே தெருவில் வளர்ந்தோருட் சிலர் பிழைக்கவும் பலர் அழியவும் ஒரு சிறு தாள் காரணமாயிற்று என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு நடுங்கும். தந்தையார் சில காலத்துள் இறந்துபட, தாயும் மகனும் 1923இல் இங்கிலாந்தை அடைந்தனர்.

கையும் கணிதமும்

இலண்டனில் பற்றர்சீ தொழில்நுட்பக் கல்லூரியில் இசிகோனிஸ் பொறியியல் பயின்றார். வரைதலில் அவரை வெல்வாரில்லை. கணிதத்திலோ மும்முறை தேர்வெழுதி மும்முறையும் தவறினார். கணிதம் படைப்பாற்றலுக்குப் பகை என்று பின்னாளில் அவர் சொல்லித் திரிந்ததும் உண்டு. இக்கருத்தை மாணாக்கர் தமக்குத் துணையாகக் கொள்ளலாகாது. கணக்கை வெறுத்ததன் பயனை அவரும் அவரை நம்பிய நிறுவனமும் பின்னர் அனுபவித்த வகையைக் கீழே காண்போம்.

கல்வியை அடுத்து வரைபடப் பணியாளராகச் சில நிறுவனங்களில் உழைத்து, 1936இல் ஒக்ஸ்போர்ட் நகரை அடுத்த கௌலியில் உள்ள மொரிஸ் மோட்டார் நிறுவனத்திற் சேர்ந்தார். ஓய்வு நாள்களிலோ அவர் செய்த பணி வேறு. ஒஸ்டின் செவன் என்னும் சிறு காரைத் திருத்தித் திருத்திப் பந்தயத்தில் ஓட்டிய அவர், அது போதாதெனக் கண்டு, ஜோர்ஜ் டௌசன் என்னும் நண்பரோடு கூடிப் புதிய பந்தய வண்டி ஒன்றைத் தம் கையாலேயே கட்டினார். ஒட்டுப்பலகையின்மேல் அலுமினியத் தகடு போர்த்திய உடல். இரும்பு வில்லுக்கு மாறாக இறப்பர் தாங்கிகள். உள்ளே ஒஸ்டின் செவன் இனத்துச் சிறு எஞ்சின். பல ஆண்டு உழைப்பின்பின் 1938இல் அது நிறைவெய்தியது. எடை குறையின் சிறு எஞ்சினும் பெருவண்டியை வெல்லும் என்னும் உண்மையை அவர் கற்றது நூலில் அன்று. கையில் அழுக்குப் படிந்த அவ்விரவுகளிலேயாம்.

மைனர் பிறந்த கதை

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, போருக்குப் பின் எளிய குடும்பத்தார் வாங்கத்தக்க சிறு காரொன்றை அமைக்கும் பணி அவர்பால் ஒப்படைக்கப்பட்டது. மைல்ஸ் தோமஸ் என்னும் மேலாளர் துணைநின்றார். நிறுவனத் தலைவரான நஃபீல்ட் பிரபுவோ அதன் உருவைக் கண்டு, நீரில் அவித்த முட்டைக்கு ஒப்பிட்டு இகழ்ந்தார் என்பர்.

வண்டி உருப்பெற்று உற்பத்திக்கு ஆயத்தமான நிலையில், அதன் அகலம் போதாதென இசிகோனிசின் கண்ணுக்குத் தோன்றிற்று. உடனே மாதிரி வண்டியை நெடுக்காக இரு கூறாகப் பிளக்கச் செய்து, கூறுகளை மெல்ல விலக்கி விலக்கிப் பார்த்தார். 4 அங்குல இடைவெளியில் அளவு அமைந்ததெனக் கண்டு நிறுத்தினார். முன்னரே செய்து வைத்த மோதுதாங்கிகளை நடுவே வெட்டி, 4 அங்குலத் துண்டு வைத்து இணைத்தனர். முதற்காலத்து மைனர் வண்டிகளில் அவ்விணைப்பை இன்றும் காணலாம்.

எஞ்சினுக்கு நேர்ந்ததோ இதனினும் வியப்பு. இரு புறமும் ஈரிரு சிலிண்டர்கள் படுத்த நிலையில் அமைந்த புதிய எஞ்சினை அவர் இவ்வண்டிக்கென எண்ணியிருந்தார். அது அகன்றதாகலின் முன்னறையையும் அகலமாகவே அமைத்தார். அவ்வெஞ்சின் கைவிடப்பட்டது. மாறாக, முன்னைய மொரிஸ் எய்ட் வண்டியின் 918 கன சென்ரிமீற்றர் எஞ்சினை வைத்து, 1948 ஒக்டோபரில் இலண்டன் கண்காட்சியில் மைனரை வெளியிட்டனர். அகன்ற அறையில் ஒடுங்கிய எஞ்சின்! இரு புறமும் வெற்றிடம் எஞ்சிற்று. இக்குறையே பின்னர் அவ்வண்டியின் நெடுவாழ்வுக்குக் காரணமான குணமாயிற்று.

1952இல் மொரிசும் ஒஸ்டினும் ஒன்றாயின. ஒஸ்டினின் 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் மைனருக்குள் புகுந்தது. 1956இல் அது 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் வளர்ந்தது. முதல் எஞ்சின் தந்தது ஏறத்தாழ 27 குதிரைவலு. இறுதியானது தந்தது 48. பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதற் பிரித்தானியக் கார் என்னும் பெருமையை மைனர் பெற்றது. 1971இல் உற்பத்தி நின்றபோது ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் உலகெங்கும் சென்றிருந்தன.

மலைநாட்டில் மாறிய உயிர்

நம் நாட்டில் 1960களில் அந்நியச் செலாவணி முடை காரணமாக மோட்டார் இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. புதிய வண்டி வாரா நிலையில் உள்ளதைக் காத்தலே வழி. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பருத்த பிஸ்டனிட்டும், கிராங்கைச் சாணை பிடித்து மெலிந்த அளவுக்கேற்ற பேரிங் பொருத்தியும், வால்வைத் தேய்த்துத் தேய்த்து இருக்கையிற் படியவைத்தும், ஒரே எஞ்சினை மும்முறை நான்முறை புதுப்பித்தனர் நம் கராஜ்காரர். கடைதற்கும் ஓர் எல்லை உண்டன்றோ? உலோகம் தீர்ந்தபின் கடைவது எதனை?

1977இன் பின் இறக்குமதி தளர்ந்து, யப்பானியப் பழைய எஞ்சின்கள் கிடைக்கலாயின. மைனரின் பழைய எஞ்சினை இறக்கிவிட்டு, டட்சன் 1200 வண்டியின் 1171 கன சென்ரிமீற்றர் எஞ்சின் போன்றவற்றை ஏற்றும் வழக்கம் பரவியது. இசிகோனிஸ் விட்டுச்சென்ற வெற்றிடம் இங்கே கைகொடுத்தது. ஆயினும் இஃது எளிய செயலன்று. தாங்கிகளைப் புதிதாக ஒட்டவேண்டும்; கியர்ப் பெட்டி மாறுதலால் பின் அச்சுக்குச் செல்லும் தண்டின் நீளத்தை மாற்றவேண்டும்; நீர் குளிர்விப்பானைப் பெரிதாக்கவேண்டும். எல்லாவற்றினும் முதன்மையானது பிரேக். முன்னாளைய மைனரின் பிரேக் உருளை 7 அங்குலமே. 27 குதிரைக்கு அமைத்ததை நம்பி மிகுந்த வலுவோடு இறம்பொடைச் சரிவில் இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும். ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் காற்று அடர்த்தி குறைதலால், இத்தகைய எஞ்சின் தன் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். ஆதலின் ஏறும்போது வலு வேண்டும். இறங்கும்போது அடக்கம் வேண்டும். இவ்விரண்டையும் நிறுத்துப் பார்க்கத் தெரிந்தவரே நல்ல தொழிலாளர். எங்கள் பகுதியில் அத்தகைய ஒருவர் வேலை செய்வதைப் பல மாலைகளில் அருகிருந்து கண்டுள்ளேன். எஞ்சினை இறக்குமுன் அவர் முதலிற் கழற்றிப் பார்ப்பது சக்கரத்தையே.

உயிர் மாறிய வண்டி பழைய வண்டிதானா என்னும் வினா எழும். இறந்த ஆயனின் உடலிற் புகுந்த திருமூலர் வரலாற்றைச் சைவ உலகம் அறியும். ஆங்கு உயிர் நிலைத்தது, உடல் மாறிற்று. ஈண்டு உடல் நிலைத்து உயிர் மாறுகின்றது. தனக்கென எண்ணிய எஞ்சினைப் பிறக்குமுன்னரே இழந்து, இரவல் எஞ்சினோடு பிறந்து, நான்காம் ஆண்டிலேயே வேறொன்றை ஏற்ற வண்டிக்கு, இவ்வுயிர் மாற்றம் இயல்பேயன்றிப் பிழையாகாது என்பது என் துணிபு. மேலும், டட்சனை ஆக்கிய நிசான் நிறுவனம் 1952 முதற் சில ஆண்டுகள் ஒஸ்டின் கார்களை உரிமம் பெற்று யப்பானிற் செய்த நிறுவனமாகும். ஒஸ்டினிடம் பயின்ற மாணாக்கரின் எஞ்சின், ஆசிரியர் எஞ்சின் இருந்த இடத்தில் வந்தமர்ந்தது.

மினியின் ஏற்றமும் ஆசிரியரின் இறக்கமும்

1952இல் இசிகோனிஸ் அல்விஸ் நிறுவனத்திற்குச் சென்றார். ஆங்கு அவர் வரைந்த பெருவண்டி செலவு மிகுதியாற் கைவிடப்படவே, 1955 இறுதியில் மீண்டார். மறு ஆண்டு சூயெஸ் நெருக்கடி வந்தது. பெற்றோல் பங்கீட்டுக்கு உள்ளாயிற்று. மிகச் சிறிய காரொன்றை விரைந்து ஆக்குமாறு தலைவர் லெனார்ட் லோர்ட் பணித்தார். இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பினார். கியர்ப் பெட்டியை அதன் அடியில் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்தார். சக்கரத்தை 10 அங்குலமாகக் குறுக்கினார். நண்பர் அலெக்ஸ் மோல்ற்றன் ஆக்கிய இறப்பர் தாங்கிகளைப் பொருத்தினார். 10 அடி நீளத்துள் நால்வர் இருக்க இடம் வந்தது. 1959 ஓகஸ்ட் 26ஆம் நாள் வெளிவந்த அதுவே மினி. 2000ஆம் ஆண்டு வரை 53 இலட்சத்துக்கு மேற்பட்ட மினிகள் செய்யப்பட்டன. 1964, 1965, 1967ஆம் ஆண்டுகளில் மொன்ரே கார்லோப் பந்தயத்தில் அது பெருவண்டிகளைப் பின்தள்ளிற்று. குறுக்கு எஞ்சின் முறை இன்று உலகின் சிறு கார்களிற் பெரும்பாலானவற்றில் வழங்குகின்றது.

ஆயினும், முதல் மினிகளின் தரையில் மழைநீர் புகுந்தது. போட்டியாளரான ஃபோர்ட் நிறுவனத்தார் ஒரு மினியைத் துண்டுதுண்டாகப் பிரித்துக் கணக்கிட்டு, அதனை விற்குந்தோறும் ஆக்கியோர்க்கு ஏறத்தாழ 30 பவுண் நட்டம் என முடிவு செய்தனர் என்பர். கணக்கை இகழ்ந்தவர்க்குக் கணக்கு இறுத்த தண்டம் இது. வாங்குவோர் விரும்புவது யாது என வினவும் வழக்கமும் அவரிடம் இல்லை. காரில் வானொலி வேண்டாம், மெத்தென்ற இருக்கை வேண்டாம் என்று தம் சுவையையே உலகின் சுவையாக எண்ணினார். மினிக்குப் பொருந்திய அவ்வுறுதி, 1969இல் வெளிவந்த மக்சிக்குப் பொருந்தவில்லை. நிறுவனம் கைமாறிய 1968இன் பின் அவர் ஒதுக்கப்பட்டார். 1967இல் அரச கழகத்து உறுப்புரிமையும் 1969இல் சேர் பட்டமும் வந்தன; அதிகாரமோ போயிற்று. 1971இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வின் பின்னும் அவர் கை ஓயவில்லை. 9எக்ஸ் என்னும் பெயரில் தாம் வகுத்த எடை குறைந்த எஞ்சினை மினிக்குள் ஏற்றியும், கியரே இல்லாத மினியை ஓட்டியும் ஆய்ந்துகொண்டிருந்தார். நிறுவனம் அதனை ஏற்கவில்லை. திருமணம் செய்யாது தாயாரோடு வாழ்ந்த அவர், 1972இல் அத்தாயாரையும் இழந்தார். 1988 ஒக்டோபர் 2ஆம் நாள் பேர்மிங்காமில் தம் 81ஆம் வயதில் மறைந்தார்.

ஈராண்டுகளின் பொருள்

அவர் வாழ்வின் இரண்டு ஆண்டுகள் மலைநாட்டாராகிய நமக்கும் மறக்கலாகாதவை. மைனர் பிறந்த 1948இலேயே, இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத்துத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமா, சாஸ்திரி உடன்பாடு அம்மக்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. அவர் மறைந்த 1988இல் நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 2003இன் சட்டத்தால் எஞ்சியோர்க்கும் உரிமை கிடைத்தது. மைனரிற் சென்ற துரைமார்க்கு வழிவிட்டுப் பாதையோரம் ஒதுங்கி நின்றோருள், இம்மண்ணிற் பிறந்தும் இந்நாட்டின் தாள் இல்லாதார் எத்துணைப் பேர்!

தாள் ஒன்று கையிலிருந்தமையால் சிமேர்னாவின் தீயினின்று ஒரு பதினைந்து வயதுச் சிறுவன் தப்பினான். உலகம் இரண்டு சிறந்த கார்களைப் பெற்றது. அத்தாள் இல்லாது போனமையால் நம் லயன்களில் வெளிப்படாமலே மறைந்த கைத்திறன்கள் எத்தனை என்பதைக் கணக்கிட வல்லார் யாருமிலர். இக்காலத்து மாணாக்கரிடம் அத்தாள் உண்டு. வரையும் கை உடையோர் கணிதத்தையும் கைவிடாது கற்பார்களாக. கணக்கில் வல்லோர் ஒரு மாலையாவது தம் ஊர்க் கராஜிற் சென்று, இறக்கிய எஞ்சினொன்றைத் தொட்டுப் பார்ப்பார்களாக.