சேர் பற்றிக் கெடிஸ்

ஒரு நகரத்தின் செல்வத்தை அதன் கடைவீதிகளிலும் மாடமாளிகைகளிலும் காண்போர் பலர். அந்நகரத்துச் சிறுவர் மாலை வேளையில் எங்கே ஓடி விளையாடுகின்றனர், முதியோர் எம்மரத்து நிழலில் இருந்து இளைப்பாறுகின்றனர் என வினாவி, அதுகொண்டு நகரத்தின் நலத்தை மதிப்பிடுவோர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஸ்கொத்லாந்து நாட்டுப் பேரறிஞர் சேர் பற்றிக் கெடிஸ் ஆவர். தென்னிந்திய நகரங்களையும் நமது கொழும்பு மாநகரையும் நேரிற் கண்டு ஆராய்ந்த இப்பெரியாரின் வரலாற்றை நம் மாணவர் அறிதல் நன்று.

கெடிஸ் 1854 ஆம் ஆண்டு ஒக்டோபர் 2 ஆந் திகதி பலற்றர் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் படையிற் பணிபுரிந்தவர். பேர்த் நகரை அடுத்த குன்றுச் சாரலில் இருந்த வீட்டைச் சூழ்ந்த தோட்டமே மைந்தருக்கு முதற் பள்ளிக்கூடம், தந்தையாரே முதலாசிரியர். பின்னர் இலண்டன் சென்று தோமஸ் ஹக்ஸ்லி என்னும் உயிரியல் வல்லுநரிடம் பயின்றார். பட்டம் எதனையும் பெற்றாரல்லர். எனினும் கல்வியை ஒருநாளும் விட்டாரல்லர்.

1879 இல் மெக்சிக்கோ நாட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கையில் அவருடைய கண்ணொளி திடீரென மங்கிற்று. இருட்டறையிற் பல வாரம் அடைபட்டுக் கிடந்த இளைஞர், யன்னற் சட்டங்களைக் கையினால் தடவி, கண்ணாடிக் கட்டம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கருத்தை வைத்து, அவற்றிடையேயுள்ள தொடர்பைச் சிந்திக்கப் பழகினார். பார்வை மீண்டது, ஆயினும் நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் நோக்கும் வலிமை மீளவில்லை. நுண்ணுயிர்களை ஆராய்ந்த அறிவு, மனிதர் வாழும் நகரத்தை ஆராயத் திரும்பியது.

1886 இல் அன்னா மோற்றன் என்னும் நற்குண மாதை மணந்தார். அடுத்த ஆண்டே எடின்பரோவின் பழைய நகர்ப்பகுதியில், செல்வர் கைவிட்டுச் சென்ற மாடிக் கட்டடங்களுள் ஒன்றிற் குடிபுகுந்தார். ஏழைகள் நெருங்கி வாழ்ந்த அழுக்கடைந்த இடம் அது. வறியவரின் குறையைத் தூரத்தில் நின்று எழுதுவதினும் அவர்தம் அயலவராய் வாழ்வதே முறையென அவர் எண்ணினார். தம்பதிகள் அயலவருடன் கூடி முற்றங்களைக் கூட்டினர். சுவர்களுக்கு வெள்ளை பூசினர். யன்னல்களிற் பூஞ்செடி வைத்தனர். 1888 இல் டண்டி நகரக் கல்லூரியில் தாவரவியற் பேராசிரியரான பின்பும் அப்பணி நின்றிலது.

அப்பணியின் முதிர்ந்த கனி அங்கு எழுந்த சிறு பூங்காக்களாம். கெடிசும் அவர் குழுவினரும் பழைய நகரத்தின் ஒழுங்கைதோறும் நடந்து, இடிந்த வீட்டு மனைகளும் குப்பை மேடுகளுமாய்க் கிடந்த வெற்றிடங்களைக் கணக்கிட்டனர். எழுபதுக்கு மேற்பட்ட இடங்கள் அகப்பட்டன. தனித்தனி நோக்கின் அவை துண்டு நிலங்களே. கூட்டிப் பார்க்கின் ஏறக்குறைய 10 ஏக்கர்! இடமில்லை என எல்லாரும் கூறிய நகரத்தில் இத்துணை நிலம் கண்முன்னே வீணாய்க் கிடந்தது. மகளார் நோறாவின் மேற்பார்வையில், 1911 அளவில் ஏறத்தாழப் பத்து இடங்கள் பூந்தோட்டங்களாயின. பெரும் பொருள் செலவாகவில்லை; அயற் சிறாரும் தோட்ட வேலையிற் பங்குகொண்டனர். அத்தோட்டங்களுள் ஒன்று எடின்பரோ கோட்டையின் அருகே இன்றும் பசுமையாய் உள்ளது.

இதற்கு நேர்மாறான அனுபவமும் அவருக்கு வாய்த்தது. டன்பேம்லின் நகரில் ஏழை நெசவாளர் மகனாய்ப் பிறந்து, அமெரிக்காவிற் பெருஞ் செல்வரான அன்று கார்ணகி, இளமையிலே தம் குடும்பத்தவர் நுழையத் தடுக்கப்பட்ட பிற்றன்கிரீவ் என்னும் வளவையே விலைக்கு வாங்கி, 1903 இல் ஊர்மக்களுக்குப் பொதுப் பூங்காவாகத் தந்தார். அதனைச் செப்பனிடும் வழியை ஆராய்ந்துரைக்குமாறு தருமகர்த்தாக்கள் கெடிசைக் கேட்டனர். அவர் பூங்காவை மாத்திரம் பார்த்தாரல்லர். அழுக்குற்ற ஓடையைத் தூய்மையாக்குதல், பழைய ஆலையைப் பேணுதல், சிறுவர்க்கு விளையாட்டிடம், நூதனசாலை எனப் பலவற்றை வரைந்து, நகர் முழுவதையுமே தழுவிய பெருநூலொன்றை 1904 இல் வெளியிட்டார். தருமகர்த்தாக்கள் மலைத்தனர், திட்டம் ஏற்கப்படவில்லை. பணம் நிறைந்திருந்த இடத்தில் அவர் கருத்து ஏட்டளவில் நின்றது. பணமில்லாத ஒழுங்கைகளிலே வேரூன்றித் தழைத்தது. இம்முரணை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

1914 இல் சென்னை ஆளுநர் பென்ற்லன்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று இந்தியாவுக்கு வந்தார். பல ஆண்டு முயன்று தொகுத்த நகரமைப்புக் கண்காட்சிப் படங்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னையைக் குண்டெறிந்து தாக்கிய அதே எம்டன் கப்பல் மூழ்கடித்தது. அவர் மனந்தளர்ந்திலர். நண்பர்கள் புதிதாய்த் திரட்டி அனுப்பிய படங்களுடன் 1915 சனவரியிற் சென்னையிற் கண்காட்சி நடைபெற்றது.

தஞ்சை, மதுரை முதலிய ஊர்களை ஆராய்ந்தபோது, நேரான அகன்ற தெருவுக்காகக் குடியிருப்புகளை இடித்துத் தள்ளுவதை அவர் கண்டித்தார். பாழடைந்த சில வீடுகளை மாத்திரம் நீக்கி, கிடைத்த வெளியில் மரம் நட்டு, அதனை அயலவர் கூடும் முற்றமாக்குதலே அவர் காட்டிய வழி. கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க அதிகாரிகள் முனைந்தவிடத்து, மீனும் வாத்தும் விட்டுக் குளத்தைப் பேணுக என்றார். கோயிலும் தேர்வீதியும் தீர்த்தக்குளமும் கூடி அமைந்த நம் நகரங்களில் மக்கள் கூடி மகிழும் இடம் பண்டே வகுக்கப்பட்டிருத்தலைக் கண்டு அவர் வியந்தார்.

1917 ஆம் ஆண்டு அவருக்குக் கொடிய ஆண்டு. மூத்த மைந்தர் அலஸ்டர் பிரான்சிற் போர்க்களத்தில் மாண்டார். கல்கத்தாவில் நோயுற்றுக் கிடந்த மனைவியாருக்கு அச்செய்தியைச் சொல்லாது மறைத்து நின்றார் கெடிஸ். சில வாரங்களில் அவ்வம்மையாரும் மறைந்தார். இருபெருந் துயரையும் நெஞ்சில் தாங்கி, மறு ஆண்டே இந்தூர் நகருக்கு விரிவான திட்டம் வகுத்தளித்தார். 1919 இற் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற் சமூகவியற் பேராசிரியரானார். 1921 இற் கொழும்பு மாநகரின் அமைப்புப் பற்றி ஓர் அறிக்கை எழுதி, அதனை மரமும் நிழலும் மலிந்த பூங்கா நகராக வளர்க்கும் நெறியைக் காட்டினார். 1925 இல் தெல் அவிவ் நகருக்கு வகுத்த திட்டத்திலோ, குடியிருப்புத் தொகுதிகளின் நடுவே சிறு பூங்காக்கள் அமைய வகைசெய்தார். எடின்பரோவின் துண்டு நிலத்திற் கற்ற பாடம் அங்கே ஒரு புது நகரத்தின் விதியாயிற்று.

முன்னர் வேண்டாமென விலக்கிய சேர்ப் பட்டத்தை 1932 இல் ஏற்றார். அவ்வாண்டு ஏப்பிரல் 17 ஆந் திகதி, பிரான்சு தேசத்து மொம்பெலியே நகரில் உலகவாழ்வை நீத்தார்.

அவரிடத்துக் குறையில்லை என்பார் இலர். பேச்சு நீளும், திட்டங்கள் கைக்கடங்காது விரியும், தொடங்கியவை பல முடிவுபெறாது நின்றன. ஆயினும், ஊரை முதலில் நடந்து பார், பின்னரே வரைபடத்தைத் தொடு என்னும் நெறியை உலகுக்கு உணர்த்தியவர் அவர். நம் ஊர்களிலும் பற்றைகள் மண்டிய வளவுகளும் பாழுற்ற கேணிகளும் உள. விளையாட இடமில்லையே எனச் சிறுவர் வீதியில் நிற்பதும் உண்டு. மாநகர சபையார் செய்யட்டும் என்று வாளாவிருப்பது எளிது. பழைய மாணவராகிய நாமும், இன்று பயிலும் இளைஞரும் ஒருநாள் மாலை நம் ஒழுங்கைகளில் நடந்து, வெற்றிடங்களை எண்ணிப் பார்ப்போமாக. கெடிஸ் தொடங்கியதும் அவ்வாறே.