பெயர் மறைந்த பெருந்தச்சன்

1961 டிசெம்பரில் யூரி ககாரின் இலங்கைக்கு வந்தபோது மக்கள் திரண்டு வரவேற்றனர். அவர் ஏறிச்சென்ற விண்கலத்தைச் சமைத்த பெருந்தச்சன் இன்னாரென அன்று உலகம் அறிந்திருக்கவில்லை.

அவர்தாம் செர்கேய் கொரோலியோவ். 1907-இல் உக்ரேனிலே பிறந்தவர். 1938-இல் பொய்க்குற்றம் சாட்டப்பெற்றுச் சிறைப்பட்டார். கொலிமாப் பனிநிலச் சுரங்கத்தில் பற்களையும் உடல்நலத்தையும் இழந்தார். எனினும் மீண்டு வந்து இராக்கெட் பணியையே மேற்கொண்டார்.

மனிதனை ஏற்றுமுன் வொஸ்தொக் கலத்தைப் பன்முறை சோதித்தார். 1960 ஜூலையில் இராக்கெட் வெடித்து இரு நாய்கள் மாண்டன. ஓகஸ்டில் பெல்கா, ஸ்திரெல்கா என்னும் நாய்கள் உயிருடன் திரும்பின. டிசெம்பரிலோ, வேறிரு நாய்கள் கலத்தோடு அழிந்தன. ஒரு வெற்றியை நம்பி ஓர் உயிரைப் பணயம் வைக்க அவர் ஒருப்படவில்லை. பிழைகளைத் தேடித் திருத்தினார். 1961 மார்ச்சில் இரு சோதனைகள் அடுத்தடுத்துப் பழுதின்றி முடிந்த பின்னரே, ஏப்பிரில் 12-இல் ககாரின் புறப்பட்டார்.

1966 ஜனவரியில் கொரோலியோவ் மறைந்தார். அதன் பின்னரே அவர் பெயர் உலகறிய வெளிவந்தது.

நாவிதன்வெளி வயல்களுக்கு மேலே, அந்திவேளைகளில் விண்வெளி நிலையம் ஒளிப்புள்ளியாய் ஊர்ந்து செல்வதுண்டு. அங்கு மனிதரை ஏற்றிச் செல்லும் சோயூஸ் இராக்கெட், அவர் வடித்த ஆர்-7 இன் வழிவந்ததே.